யாரும் கேட்காத படம்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் போட்டோகிராபராக இருப்பவருக்கு ஞாயிறு, திங்கள் என்ற கணக்கு கிடையாது. தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் எதுவோ அதுதான் வேலை நாள். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. விடியற்காலையில் மயிலம் முருகன் கோயிலில் தாலி கட்டு, மதியத்துக்குள் விக்கிரவாண்டியில் காதுகுத்து, சாயங்காலம் விழுப்புரத்தில் வரவேற்பு என்று ஒரே நாளில் மூன்று ஊர் சுற்ற வேண்டியிருக்கும். ஆடி பிறந்தால் போன் அடிப்பதே நின்றுவிடும். புரட்டாசியும் மார்கழியும் அப்படித்தான். என்னோடு இந்தத் தொழிலுக்கு வந்த பலர் இவற்றைக் கடன் வாங்கும் மாதங்கள் என்பார்கள். நான் அந்த மூன்றையும் என் சொந்த மாதங்களாக வைத்துக்கொண்டிருக்கிறேன். முன்பணம் கொடுத்து யாரும் சொல்லாத, எந்தக் குடும்பத்தின் ஆல்பத்திலும் சேராத படங்களை எடுப்பது அப்போதுதான். இந்தத் தொழிலை இத்தனை காலமாகச் சலிக்காமல் செய்கிறேன் என்றால் அதற்குக் காரணம் அந்தப் படங்கள்.

முதலில் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்யாண போட்டோ எடுப்பதைக் கொஞ்சம் மட்டமாக நினைத்துக்கொண்டு கேமரா வாங்கும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன். கையும் கண்ணும் ஒன்றாகப் பழகுவதற்குக் கல்யாண மண்டபத்தை விட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. தாலி கட்டும் நேரம் சில நொடிகள்தான். அதற்குள் அத்தைமார், மாமன்மார், வீடியோக்காரர், செல்போனைத் தூக்கிப் பிடித்த கைகள் என்று மேடையே நிரம்பிவிடும். ஐயரைப் பார்த்துக்கொண்டு நின்றால் படம் போய்விடும். நான் தவில்காரரைப் பார்ப்பேன். "கெட்டி மேளம்" என்று குரல் எழுவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அவர் முதுகு நிமிரும், குச்சி உயரும். அப்போது என் விரல் ஷட்டரில் இருக்க வேண்டும். நாத்தனார் முடிச்சுப் போட எந்தப் பக்கம் குனிவார் என்பதை முன்கூட்டியே பெண் வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் இடம் பிடித்துவிடுவேன். நடக்கப்போவதை நடப்பதற்கு முன் படிக்கிற இந்தப் பழக்கம்தான் பிறகு கூத்துக் களரியிலும் கழுவெளி ஏரிக்கரையிலும் எனக்குக் கைகொடுத்தது.

இன்னொரு விஷயம் நிறம். "அண்ணா, பொண்ணு முகத்தைக் கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்று கேட்காத வீடு இல்லை. ஆல்பம் வடிவமைக்கும் கடைகளில் ஒரே சொடுக்கில் மொத்தக் குடும்பத்தையும் வெளுப்பாக்கிவிடுகிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் முகம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் உலகம் முழுக்க நிறத்தைத் திருத்தினார்கள். நம் ஊர் மாநிறமும் கறுப்பும் படத்தில் மண்ணாக விழுந்ததற்கு நம் தோல் காரணமில்லை. இன்றைய கேமராக்களுக்கு அந்தக் குறை பெரும்பாலும் இல்லை, பழக்கம்தான் போகவில்லை. நான் செய்வது எளிது. மஞ்சள் நீராட்டு விழாவில் அந்தப் பிள்ளையை முன்னறை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்து, நேர் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் வழுக்கி இறங்குகிற மாதிரி எடுப்பேன். கறுத்த தோலில் வெளிச்சம் பளபளப்பாக நிற்கும். எண்ணெய் தேய்த்த கருங்கல் சிலை போல அந்த முகம் துலங்கும். அதை வீட்டுக்காரர்களுக்கு முதலில் காட்டுவேன், அப்புறம்தான் திருத்தத்தைப் பற்றிப் பேசுவேன். பாதிப் பேர் திருத்தவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். மீதிப் பேரிடம் நான் வாதாடுகிறேன். ஒரு பெண்பிள்ளை தன் சொந்த நிறத்தைத் தன் வீட்டு ஆல்பத்தில் பார்க்க முடியவில்லை என்றால் நாம் எதற்குப் படம் எடுக்கிறோம்?

இலக்கு என்று எதை வைத்துக்கொள்வது? இதுதான் இளையவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி. வாரணாசி, லடாக், புஷ்கர் ஒட்டகச் சந்தை என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். போய் வரட்டும், தப்பில்லை. ஆனால் ஒரு வாரம் போய் வந்த ஊரில் நமக்குக் கிடைப்பது ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த அதே படம்தான். நான் சொல்வது, பைக்கில் போய் இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் திரும்பிப் போக முடிகிற இடமாக, பேர் சொல்லிக் கூப்பிடக்கூடிய மனிதர்களாக இருக்கட்டும்.

இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம் மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவு செய்தவர். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'பாரி' இணைய இதழில் வேலை பார்க்கிறார். தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் அவருக்குத்தான் கிடைத்தது. அவர் எடுத்தவற்றில் என்னை அசைத்தது விடியலுக்கு முன் எழுந்து போய் மீன் வாங்கி வந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் விற்கிற அவருடைய அம்மாவின் படங்கள். கேமரா கிடைத்ததும் அவர் அம்மாவின் பின்னால் நடந்திருக்கிறார். இப்போது மீனவப் பிள்ளைகளுக்கும் துப்புரவுத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் கேமரா கொடுத்துச் சொல்லித் தருகிறார். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் அவருடைய படங்களைத்தான் காட்டுகிறேன்.

நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. திண்டிவனத்திலிருந்து மேற்கே போனால் செஞ்சிக் கோட்டை. மராட்டியர் ராணுவ நிலக்காட்சி என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் தமிழ்நாட்டுக்கு இருப்பது இது ஒன்றுதான். அதற்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். விழுப்புரம்–செஞ்சி சாலைக்குப் பக்கத்தில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கடவுளுக்குக் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்மன் கல்லில் எழுதி வைத்த குடைவரை. பனமலையில் குடைக்குக் கீழே கால் மடித்துச் சாய்ந்து நிற்கும் பல்லவர் காலத்துப் பார்வதி ஓவியம். திருவக்கரையில் கல்லாக மாறிய மரங்கள். புடைப்புச் சிற்பத்தை உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் மட்டும்தான் மூக்கும் உதடும் எழுந்து வரும். ஓவியத்தின் முன் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால் நான் சுவரிலும் தூணிலும் உடம்பைச் சாய்த்து, மூச்சைப் பிடித்து எடுக்கப் பழகிக்கொண்டேன். செஞ்சிக்கு ஜோடிகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது கல்யாண மகாலும் ஜோடியும்தான் கண்ணில் படும். புரட்டாசியில் ஒரு மழை பெய்து முடிந்ததும் தனியாகப் போய்ப் பாருங்கள். பாறைகள் கறுத்து, இடுக்குகளில் புல் பச்சை பிடித்து, கோட்டை வேறு மாதிரி நிற்கும்.

எனக்கென்று நான் பிடித்துக்கொண்டது கூத்து. இந்தப் பக்கத்தில் ஆடி மாதம் என்றால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பதும், ராத்திரியில் கூத்தும், கடைசியில் படுகளமும் தீமிதியும்தான். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி கோயிலை இந்த வழிபாட்டின் மூலக் கோயில் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டெபெய்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த ஊர்களில் அலைந்து திரிந்து திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதினார். 1988-ல் சிகாகோ பல்கலைக்கழகம் வெளியிட்ட முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒருவர் தேடிவந்த விஷயம் எங்கள் ஊர் வாசலில் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது.

கூத்தை எடுக்க வருபவர்கள் வழக்கமாக ராத்திரி பத்து மணிக்கு வந்து, துரியோதனன் திரைக்கு வெளியே வரும்போது நாலு படம் எடுத்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்கள். என் அனுபவத்தில் படம் இருப்பது அதற்கு முன்னும் பின்னும்தான். வேஷம் கட்டுகிற இடத்தில் சாயங்காலமே போய் உட்காருங்கள். பள்ளிக்கூட வராந்தாவோ, யார் வீட்டுத் திண்ணையோ, ஒரு பாய் விரித்திருக்கும். ஒவ்வொருவரும் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு தாங்களே அரிதாரம் பூசிக்கொள்வார்கள். சிவப்புப் பூசிய கன்னத்தில் அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளி வைக்கும்போது கை அசையக்கூடாது என்பதற்காக மூச்சை நிறுத்துவார்கள். அப்போது நானும் ஷட்டரை அழுத்துவதில்லை. சத்தம் அவர்களைக் கலைக்கும். புள்ளி வைத்து முடித்துக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அந்த முகம் பாதி நம் ஊர்க்காரர், பாதி பீமன். நான் காத்திருப்பது அதற்காக.

அங்கே ஒரு மூத்த வாத்தியார். பகலில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிர் வைத்திருப்பவர், ராத்திரியில் துரியோதனன். முதல் தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தபோது தோள்கட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்: "எடு தம்பி, வேணாங்கல. எத்தினியோ பேரு வந்து எடுத்துக்கினு போறாங்க. ஒருத்தரும் கொண்டாந்து குடுத்ததில்ல." அந்த வருஷத்திலிருந்து பிரிண்ட் இல்லாமல் நான் எந்த ஊர்க் கூத்துக்கும் போவதில்லை. போன வருஷம் எடுத்ததில் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பெரிதாக, லேபில் போட்டு எடுத்துப் போகிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு, கையில் கொடுப்பது வேறு. வாத்தியார் அந்தப் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கிரீடத்துல கண்ணாடி ரெண்டு உதிர்ந்து கெடக்குது, பாத்தியா? இந்த வருஷம் ஒட்டிடணும்" என்றார். அவருக்கு அது வேலைக்கு உதவும் படம். எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது. கல்யாண முன்பணம் ஒவ்வொன்றிலிருந்தும் பிரிண்டுக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறேன். அந்தக் காசில் லென்ஸ் வாங்குவதில்லை.

களரியில் இப்போது பெட்ரோமாக்ஸ் இல்லை, எல்.இ.டி. விளக்குதான். நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுழற்சி. அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு தடவை துடிக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50-ல் நிறுத்தினால் அந்தத் தொல்லை இருக்காது. அந்த வேகத்தில் கிறிக்கி சுற்றும் நடிகர் கலங்கித்தான் விழுவார், அதில் ஒரு அழகு இருக்கிறது. தெளிவாக வேண்டும் என்றால் சுற்று முடிந்து சலங்கைக் காலைத் தரையில் ஓங்கி வைத்து நிற்கும் இடம் ஒன்று வரும். தாளத்தைக் காதில் வைத்திருந்தால் அது எப்போது வரும் என்று தெரிந்துவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நடிகர் கண்ணும் கூசும், ராத்திரியும் செத்துவிடும். விடியும் வரை இருங்கள். மூன்று மணிக்கு மேல் ஜனம் சாக்கை விரித்துப் பிள்ளைகளோடு படுத்துக்கிடக்கும். ஆர்மோனியக்காரர் தூக்கத்தோடு வாசிப்பார். கட்டியக்காரன் மட்டும் சளைக்கமாட்டான். காலையில் படுகளம். களிமண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளந்ததும் பெண்கள் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். வைட் லென்ஸைத் தூக்கிப் பிடித்து முழுக் களத்தையும் எடுக்கும் படம் எல்லோரிடமும் இருக்கிறது. குனிந்து அந்த முந்தானை முடிச்சை எடுங்கள்.

எடுக்கக் கூடாத இடத்தையும் சொல்ல வேண்டும். சித்திரையில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா. ஊர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருந்தாலும், நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் தங்குவதும் கலை நிகழ்ச்சிகளும் அழகிப் போட்டியும் நடப்பதும் விழுப்புரத்தில்தான். அந்த நாட்களில் நகரமே நிறம் மாறிவிடும். அப்போது படம் எடுக்கலாம், கேட்டால் சந்தோஷமாக நிற்பார்கள், நிற்கும் விதம் அவர்களுக்கே தெரியும். ஆனால் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறி அழுகிறார்கள். அந்த அழுகையில் சடங்கும் இருக்கிறது, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட சொந்தத் துக்கமும் இருக்கிறது. எது எது என்று வெளியாளுக்குத் தெரியாது. அந்த இடத்தில் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறும். நான் அங்கே கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். பழகியவர்கள் தாங்களே கூப்பிட்டு எடுக்கச் சொன்னால் மட்டும் எடுக்கிறேன், எடுத்ததை அவர்கள் சரி என்று சொன்ன பிறகே வெளியே காட்டுகிறேன்.

மார்கழிக்கு என் இடம் மரக்காணம் பக்கம். கழுவெளி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் பனிமூட்டத்தில் நிற்கும். பெரிய டெலிலென்ஸ் வாங்கக் கடன் போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தால் போதும், மற்ற நாட்களில் பறவையைச் சின்னதாக விட்டு ஏரியைப் பெரிதாக எடுத்துப் பாருங்கள். ட்ரோனை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒரு வீடியோவுக்காக மொத்தக் கூட்டமும் பயந்து எழுந்து பறப்பதைப் பார்த்திருக்கிறேன். தூர தேசத்திலிருந்து வந்து இரை தேடும் உயிர்களை அப்படி அலைக்கழிக்க நமக்கு உரிமை இல்லை. தை பிறந்த பிறகு பக்கத்திலேயே உப்பளங்களில் வேலை தொடங்கும். உப்புக் குவியலைக் கேமரா சாம்பலாக்கிவிடும். வெள்ளையைப் பார்த்தால் வெளிச்சம் அதிகம் என்று அது எண்ணிக்கொள்கிறது. ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள். பட்டு வேட்டி மாப்பிள்ளைக்குச் செய்வதும் இதேதான். வீட்டுக்கு வந்ததும் கேமராவை ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். இந்தக் கடலோரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சுலபம்.

புதிதாக எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது நான் கேமரா கடைக்குப் போவதில்லை. ஒரு மாதம் முழுக்க ஒரே லென்ஸ் என்று வைத்துக்கொள்வேன். அல்லது இடுப்பு உயரத்துக்கு மேல் கேமராவைத் தூக்குவதில்லை என்று ஒரு கட்டு. சமீபத்தில் மனசைப் பிடித்தது சயனோடைப். 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு முறை. அடுத்த ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி அதை வைத்துக் கடற்பாசிகளை அச்சிடத் தொடங்கிவிட்டார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டையும் தண்ணீரில் தனித்தனியே கரைத்து, கலந்து, மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தில் பூசிக் காயவைக்க வேண்டும். மேலே ஏதாவது வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலம் எழுந்துவரும். நம் ஊரில் இல்லாதது எதுவாக இருந்தாலும் வெயில் இருக்கிறது. கோடையில் சில நிமிஷம் போதும். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மல்லாட்டை ரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று ஊர்ப் பெயரிலேயே பெயர். அந்த மல்லாட்டைச் செடியை வேரும் காயுமாகப் பிடுங்கி, மண் உதறி, காகிதத்தில் கிடத்தி மொட்டைமாடியில் வைத்தேன். தெருப் பிள்ளைகள் வாளியைச் சுற்றி நின்றுகொண்டு காய் ஒவ்வொன்றாக வெள்ளையாகத் தெளிவதைப் பார்த்துக் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. கேமராவே இல்லாமல் எடுத்த படம். அதற்குப் பிறகு கல்யாணத்தில் நிழலைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிப்போனது. பந்தலில் கட்டிய வாழையிலையின் நிழல் மணமகள் முதுகில் விழுவதை இப்போது தேடி எடுக்கிறேன்.

ஆனால் படம் என்பது எதற்கு என்று எனக்குத் தெளிவாகப் புரிந்தது ஃபெஞ்சல் புயலில். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணை திறந்ததும் தென்பெண்ணை கரைபுரண்டது. விழுப்புரம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். வடிந்த பிறகு ஜனங்கள் நிவாரண வரிசையில் நின்றார்கள், சேறு வாரினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக என்னைத் தேடி வந்தார்கள், பிளாஸ்டிக் பையில் ஊறிப்போன ஆல்பத்தோடு. "ஆடு போயிடுச்சு, பீரோ போயிடுச்சு, அதெல்லாம் வாங்கிக்கலாம் தம்பி. எங்க வீட்டுக்காரரு படம் இது ஒண்ணுதான்" என்று ஒரு அம்மா நீட்டியது சுவரில் மாட்டியிருந்த பழைய பிரேம்.

நனைந்த படத்தைக் காப்பாற்றும் முறையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இருக்கும் நிலையிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு கெட்டாலும் அது மிஞ்சும். வெயிலில் காயப்போடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிய படங்கள் காய்ந்துவிட்டால் பிரிக்கவே முடியாது. லேபில் போட்ட பழைய படங்களை அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஊற்றி அதில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே மெல்லப் பிரியவிடுங்கள். படம் இருக்கும் பக்கத்தைத் தேய்க்காதீர்கள், விரலால் தொடவும் வேண்டாம், ஓரத்தை மட்டும் பிடியுங்கள். பிறகு படம் மேலே பார்க்கும்படி நிழலில், காற்றில் உலர்த்துங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போடக்கூடாது, மை கரைந்தோடிவிடும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம். நிறைய இருந்து கை போதவில்லை என்றால் பையில் சுற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும். இரண்டு நாளைத் தாண்டவிட்டால் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானின் மியாகி மாகாணத்தில் யாமமோட்டோ என்ற சிற்றூரில் தன்னார்வலர்கள் சேற்றிலிருந்து மீட்டுக் கழுவிய படங்கள் ஏறக்குறைய 7.5 லட்சம். ராணுவத்தினரும் தீயணைப்பு வீரர்களும் இடிபாடுகளில் பிணம் தேடும்போதே ஆல்பங்களையும் பொறுக்கி வைத்தார்கள். அந்தச் செய்தியை முன்பு படித்திருக்கிறேன். அந்த அம்மாவின் பிரேமைக் கையில் வாங்கியபோதுதான் அதன் கனம் தெரிந்தது. வேட்டியும் முழுக்கைச் சட்டையும், பக்கத்தில் ஸ்டூலில் பிளாஸ்டிக் பூச்சாடி, பின்னால் வரைந்த மாளிகைத் திரை. எந்த ஸ்டுடியோவில் எடுத்ததோ, அந்தக் கடை இப்போது இருக்கிறதோ இல்லையோ. கண்ணாடி வழியாகவே பிரதி எடுத்து, சேறு ஊறிய ஓரத்தை மட்டும் சரிசெய்து, முகத்தில் கைவைக்காமல் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்தப் புயலுக்குப் பிறகு என்னிடம் கல்யாணம் எடுக்கும் எந்தக் குடும்பத்துக்கும் ஆல்பத்தோடு தனியாகச் சில பிரிண்டுகளை உறையில் போட்டு, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைக்கச் சொல்கிறேன். கணினியிலும் மூன்று பிரதி. அதில் ஒன்று என் வீட்டுக் கூரைக்கு வெளியே, உயரமான வேறு இடத்தில்.

இப்போது கையில் எடுத்திருக்கும் வேலையும் அதிலிருந்து வந்ததுதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து மின்னுருவாக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் மூடிப்போன சின்ன ஸ்டுடியோக்களின் பரண்களில் இன்னும் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. கல்யாண ஜோடி, தொட்டிலில் பிள்ளை, பட்டம் வாங்கிய முதல் பையன், நாற்காலியில் உட்கார வைத்து மாலை போட்டுக் கடைசியாக எடுத்த தாத்தா. இறந்தவரைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட அந்தப் படம்தான் பல வீடுகளில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் ஒரே படம். கண்ணாடி நெகட்டிவ்களை ஓரம் பிடித்துத் தூக்கி, தூசியை ஊதும் பம்பால் மட்டும் நீக்கி, வெள்ளை விளக்குப் பலகையில் வைத்து மேக்ரோ லென்ஸில் எடுக்கிறேன். மங்கலாகத் தெரியும் பக்கம்தான் எமல்ஷன், அதில் தண்ணீர் படக்கூடாது. கன்னத்தில் பென்சிலால் டச்சிங் செய்த கோடுகள் பெரிதாக்கும்போது தெரிகின்றன. அவற்றை அழிக்காமல் அப்படியே விடுகிறேன், அதுவும் ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை. எடுத்து முடித்ததும் காகித உறைக்குள். இந்த ஈரக்காற்றுக்குப் பிளாஸ்டிக் உறை ஆகாது.

பெட்டிகளில் தேதி இருக்கிறது, பெரும்பாலும் பெயர் இல்லை. யார் யார் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அதனால் இப்போதெல்லாம் முதலில் செல்போனில் தோராயமாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். ஸ்கேனை அப்புறம் நிதானமாகச் செய்கிறேன்.